மீனும் பொட்டும்

தாயம்மாள் அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருத்தர் "பாவம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்கத்தாவில், கார்டன் ரீச் ரயில்வே ஆபீசுக்குப் போகிற தமிழ்ப் பையன்களுக்குப் பத்து வருஷத்துக்கு மேல் சோறு போட்டவள் அவள். யாருக்கும் தலை குனிந்து பேசத் தெரியாதவள். கடைசிவரை தன் வாய்க்குப் பிடித்ததைத் தின்றுவிட்டுப் போனவள். அவளைப் பார்த்து இரக்கப்பட நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

என் பெயர் சாவித்திரி. என் வீட்டுக்காரருக்கு அந்த ரயில்வே ஆபீசில்தான் வேலை. கல்யாணமான கையோடு கல்கத்தாவுக்கு வந்து நீலாவதி மாசிமா வீட்டில் குடியேறினேன். தாய் வயதுப் பெண்களை அங்கே மாசிமா என்றுதான் கூப்பிட வேண்டும். அவள் மாடியில் இருந்தாள். கீழே இரண்டு குடித்தனம். ஒன்று நாங்கள், இன்னொன்று தாயம்மாள் அக்காவும் அவள் கணவர் ஏழுமலையும். அவர் கப்பல் பட்டறையில் வெல்டர். இருவரும் கடலூர்ப் பக்கம், கடலோரக் குடும்பம். நானோ திருநெல்வேலிச் சைவம். அக்கா மீன் குழம்பு வைத்தால் நான் ஜன்னலைச் சாத்துவேன். என் வீட்டுக்காரரும் சைவம்தான், ஆனால் புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லி அதைத் திறந்துவிடுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் ஏழுமலை மஞ்சள் காமாலையில் போய்விட்டார். குழந்தை கிடையாது. காரியத்தன்று நம் தமிழ்ப் பெண்கள் கூடி அக்காவின் தாலியைக் கழற்றினார்கள், பொட்டை அழித்தார்கள், வளையலை உடைத்தார்கள். மறுநாள் மாடியிலிருந்து மாசிமா இறங்கி வந்தாள். கரையில்லாத வெள்ளைப் புடவை ஒன்றை அக்காவின் மடியில் வைத்து, தலையைத் தடவிக் கொடுத்து, இனிமேல் மீன், கறி, வெங்காயம், பூண்டு, மசூர் பருப்பு எதையும் தொடக்கூடாது என்று சொன்னாள். அங்கிருந்தவர்களில் வங்காளி பாஷை தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதனால் மொழிபெயர்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. அதுவரை அழுதுகொண்டிருந்த அக்கா பருப்புக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"பருப்பு என்னாடி பண்ணுச்சு?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. மாசிமாவைக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. சாஸ்திரம் என்றாள்.

பிழைப்புக்காக அக்கா மெஸ் ஆரம்பித்தாள். வேதாச்சலம் என்று ஒருவர், ரயில்வேயில் கணக்கு அதிகாரி, எங்கள் வட்டாரத் தமிழர்களுக்கெல்லாம் பெரிய மனிதர். ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வரும் பையன்களை அவர்தான் அவளிடம் அனுப்பி வைத்தார். அது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் சில மாதம் கழித்து அக்கா ஒரு நாள் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு பரிமாற வந்தாள். அதே வாரம் சந்தைக்குப் போய் ஒரு முழு இலிஷ் மீன் வாங்கிவந்து, குழம்பு வைத்து, பையன்களுக்குப் போட்டுவிட்டுத் தானும் சாப்பிட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. அவள் சாத்தவில்லை.

மாசிமா காலி செய்யச் சொல்லிவிட்டாள். துர்கா பூஜைக்குள் போய்விட வேண்டும், மீன் தின்கிற விதவை இருக்கும் வீட்டில் தன்னால் சாமி கும்பிட முடியாது என்றாள். வேதாச்சலம் அந்தப் பக்கமிருந்து ஆள் அனுப்பினார். அறுத்தவள் பொட்டோடு பரிமாறுகிற சோற்றைப் பையன்கள் சாப்பிட மாட்டார்கள், அழிக்கிறாயா இல்லை எல்லோரையும் வேறு இடத்துக்கு அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தார். பையன்களை யாரும் கேட்கவில்லை. வீடு போனால் அடுப்பு போயிற்று, பையன்கள் போனால் பிழைப்பு போயிற்று. பிறகு கடலூருக்கு ரயிலேறிப் போய்க் கொழுந்தன் வீட்டுச் சமையலறையில் ஒண்டிக் கிடக்க வேண்டியதுதான். அடங்கிப் போய்விடு அக்கா என்று நானே சொன்னேன்.

"ரெண்டு பேரையும் ஞாயித்துக்கெழம வரச் சொல்லு" என்றாள்.

வந்தார்கள். அக்கா இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து டீ கொடுத்தாள். நெற்றியில் குங்குமம் பளிச்சென்று இருந்தது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். "அண்ணனும் மாசிமாவும் சாமி சொன்னதத்தான் சொல்றாங்க. சாமி ஒண்ணுதானே? ரெண்டு பேரும் பேசி, எதெது கூடாதுன்னு ஒரே முடிவாச் சொல்லட்டும். அப்படியே நடந்துக்கிறேன்."

வேதாச்சலம் லேசான காரியம் என்று நினைத்தார் போலிருக்கிறது. பூ, பொட்டு, வளையல், மஞ்சள் என்று விரல் மடக்கினார். மீன்? அதற்கென்ன, எங்கள் அம்மாவே அப்பா போன பிறகும் மீன் சாப்பிட்டார்கள், அதில் ஒரு குற்றமும் இல்லை என்றார். நான் அதை வங்காளியில் சொன்னதும் மாசிமாவின் முகம் சுருங்கிவிட்டது. இவன் தாயா மீன் தின்றாள், இவர்களெல்லாம் என்ன இந்துக்கள் என்றாள். அவருக்கும் அந்த அளவு வங்காளி புரிந்தது. முகம் கறுத்துவிட்டது. சரி, பொட்டை என்ன சொல்கிறீர்கள் என்று மாசிமாவைக் கேட்டேன். அது கிடக்கட்டும், வகிட்டில் சிந்தூர் இருந்தால்தான் சுமங்கலி, இவள் வகிடு வெறுமையாக இருக்கிறது, நெற்றியில் வைப்பது உங்கள் ஊர்ச் சின்னப் பெண்கள்கூட வைப்பதுதானே என்றாள். நான் அதைத் தமிழில் சொன்னதும் வேதாச்சலம் பாதி டீயோடு எழுந்துவிட்டார். காளிகாட்டில் ஆடு வெட்டிச் சாமிக்குப் படைத்துத் தின்கிற கூட்டம் நமக்குச் சாஸ்திரம் சொல்வதா என்றார். நான் இதை மட்டும் மொழிபெயர்க்காமல் விழுங்கிவிட்டேன்.

"ஒக்காருங்கண்ணே. முடிஞ்சிடுச்சு" என்றாள் அக்கா. "மீன் தின்னலாம்னு நீங்க சொல்லிட்டீங்க. பொட்டு வச்சா குத்தமில்லன்னு அவங்க சொல்லிட்டாங்க. ரெண்டு பேர் பேச்சையும் நான் கேக்குறேன். தாலி அவரு கட்டுனது, கழட்டிட்டேன். பொட்டு எங்கம்மா வச்சி விட்டது. மீனு நான் பொறந்த எடத்துச் சோறு. ரெண்டையும் கேக்க அவருக்கே பாத்யத கெடையாது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வேதாச்சலம் செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினார். பையன்களைத் தடுக்கத்தான் பார்த்தார். ஒருவன் போனான், மற்றவர்கள் வழக்கம்போல் மத்தியானம் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள்.

மாசிமா மட்டும் எழுந்திருக்கவில்லை. டீயும் குடிக்கவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் மெல்லிய குரலில் பேசினாள். பதினைந்து வயதில் புருஷன் செத்தானாம். இலிஷ் மீன் வருகிற மாதமாம். அவள் தட்டிலிருந்த மீனை மாமியார் அவள் கண்ணெதிரே எடுத்துக்கொண்டு போனாளாம். இதைச் சொல்லும்போது மாசிமாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கடைசியில் ஒன்று கேட்டாள். அக்கா பக்கம் திரும்பி அதைத் தமிழில் சொன்னேன்.

"அக்கா, இவங்க கேக்காங்க. நீ தின்னும் ஒனக்கு ஒண்ணும் ஆகலேன்னா, அப்போ நான் இத்தனை வருசம் தின்னாம இருந்தது எதுக்குன்னு கேக்காங்க."

ஏதாவது ஆறுதலாகச் சொல்வாள் என்று நினைத்தேன். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மாசிமாவின் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல மாசிமா. அவங்க புடுங்குனாங்க, நீங்க வுட்டுட்டீங்க. அதுக்காவ நானும் வுடணுமா?"

அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தையைக்கூடப் பூசி மெழுகவில்லை. மாசிமா என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். காலி செய்யச் சொல்லி அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. ஆனால் சாகும்வரை அக்காவிடம் அவள் பேசவும் இல்லை.