செல்லபாயின் சோடா வைத்தியம்

மீன்தொட்டிக்குள் ஆள்காட்டி விரலை விட்டு எடுத்து நக்கிப் பார்க்கிறாள் செல்லபாய். கண்ணை மூடுகிறாள். "உப்பு ஒரு பிடி கூடுதலாக்கும்." வீட்டுக்காரர் நம்பாமல் உப்பு மீட்டரை முக்கிப் பார்க்கிறார். கூடுதல்தான். மீட்டர் தலைகுனிந்து பெட்டிக்குள் போகிறது.

திருவனந்தபுரத்தில் ஹாலுக்குள்ளேயே கடலை வாங்கி வைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடித் தொட்டி, உப்புத் தண்ணீர், பவளம், வண்ண மீன், நீல விளக்கு. கடலை வாங்கினால் கடலின் ரவுடிகளும் கல் இடுக்கில் ஒளிந்து டிக்கெட் இல்லாமல் கூடவே வருவார்கள். அவர்களைக் காதைப் பிடித்து வெளியேற்றுவதுதான் செல்லபாயின் தொழில். வயது ஐம்பத்திரண்டு. படிப்பைக் கேட்டால், "ஒம்பதாங் கிளாஸ்ல ரெண்டு வருசம் இருந்து பாத்தேன். பெஞ்சுதான் தேஞ்சுது" என்பாள்.

இருபது வருடம் விழிஞ்ஞம் கடற்கரையில் வலையில் வந்ததைத் தரம் பிரித்தவள். மீன் கூடைக்குப் போகும். புழு, பூச்சி, முள், பாசி பிடித்த கல் எல்லாம் காலடி மணலுக்கு. "அண்ணு நான் சவுட்டித் தள்ளுனதுக்கெல்லாம் இண்ணு லைட்டு போட்டு ஏசி வச்சிருக்காவ!"

ரவுடிகளின் ஆங்கிலப் பெயர் அவளுக்குத் தெரியாது. அவளே பெயர் வைத்துவிட்டாள். உடம்பெல்லாம் முடியோடு ஊர்கிற புழு 'மீசக்காரன்'. பூப்போல விரிந்து நின்று பக்கத்துப் பவளத்தைச் சுட்டுப் பொசுக்குவது 'சிரிப்பாணி'. சிரிப்பாணியைக் களை மாதிரிப் பிடுங்கினால் தொலைந்தோம். அறுந்த துண்டெல்லாம் தனித்தனிக் குடித்தனம் போட்டுவிடும். செல்லபாய் ஆரியசாலையில் வெற்றிலைச் சுண்ணாம்பு வாங்கி, குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றி, அதன் வாயில் ஒரு சொட்டு வைப்பாள். "தின்னு மக்களே, சீவலு பொறவு வரும்." அது சுருண்டுவிடும்.

ஒருமுறை பல் டாக்டர் ஒருவரின் கிளினிக் தொட்டியில் ஒரு சாண் மீசக்காரனைப் பிடித்தாள். குப்பியில் போட்டு, வெளியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் காட்டி, "இப்பம் போனவருக்க கடவாய்ப் பல்லுல இருந்து எடுத்ததாக்கும்" என்றாள். அவர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். டாக்டர் இரண்டு மாதம் அவளைக் கூப்பிடவில்லை.

கோட்டைக்குள் இருக்கும் நாகேஸ்வரன் சாமி வீட்டில் இந்த வாலெல்லாம் சுருட்டி வைக்க வேண்டும். சாமி வங்கியிலிருந்து ஓய்வுபெற்றவர். அந்த வீட்டில் எந்த உயிரும் போகக்கூடாது. ரவுடியானாலும் உயிரோடுதான் வெளியேற்ற வேண்டும். மீனுக்குப் போடும் உறைந்த இறால் கொல்லைப்புறத்தில் தனிக் குட்டி ஃப்ரிட்ஜில் இருக்கிறது. அதன் பக்கமாக நடந்துபோனாலே அவர் மனைவி சுப்புலக்ஷ்மி மாமி கை கழுவுவாள்.

போன வியாழக்கிழமை மதியம் அங்கிருந்துதான் அழைப்பு.

"மூணு வாரமா ஒவ்வொரு மீனாக் காணாமப் போறது, செல்லபாய். வெளியில சாடிடுத்தோன்னு சோபாக்கு அடியிலெல்லாம் தேடியாச்சு" என்றார் சாமி.

மகள் சுப்ரியா மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒன்றும் தட்டாமல் உட்கார்ந்திருந்தாள். லட்சத்தீவில், கவரத்தியில், பள்ளிக்கூட டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. வருகிறேன், வரவில்லை என்று அன்றைக்கு ஐந்து மணிக்குள் எழுதியாக வேண்டும்.

"நடுக்கடல்ல ஒரு தீவு" என்றார் சாமி. சொல்லும்போது மகள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம்னு எழுதிடலாமான்னு கேட்டேன். பல்லி சொல்லித்து. மூணு நாள் கேட்டேன். மூணு நாளும் சொல்லித்து. நான் என்ன பண்றது?"

"அப்பாக்கு என்னைவிட அந்தப் பல்லி மேலதான் விஸ்வாசம், அக்கா" என்றாள் சுப்ரியா. "அவர் மனசோட சரின்னு சொல்லாம நான் போகமாட்டேன். அது அவருக்கும் தெரியும்."

'டக்.'

"கேட்டியா!" சாமி விரலை மடக்கி மேசையில் மூன்று தட்டு தட்டினார்.

செல்லபாய் சுவரைப் பார்க்கவில்லை. தொட்டிக் கண்ணாடியில் காதை வைத்தாள். "சாமி, இந்தப் பல்லிய நீங்க கண்டுருக்கியளா?"

"பல்லியைப் பாக்கணுமா என்ன? கேட்டாப் போறாதோ?"

"எப்பம் முதலு கேக்குது?"

"தொட்டிக்கு இந்தப் புதுக் கல்லு வாங்கின நாள்லேர்ந்து. மூணு வாரம் இருக்கும்."

செல்லபாய்க்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பித் தொண்டைவரை வந்துவிட்டது. கல்லுக்குள் இருப்பவன் குத்துக்காரன். இறால் மாதிரி உருவம், குத்துச்சண்டைக்காரன் மாதிரி கை. அவன் குத்துகிற குத்து வெளியே 'டக்' என்று கேட்கும். வெளியிலிருந்து யாராவது சுண்டினால் உடனே திருப்பிக் குத்துவான். சாமி மூன்று நாளாக யோசனை கேட்டது அவர் மீனைத் தின்றவனிடம்!

வேறு வீடாக இருந்தால் தெருவையே கூட்டியிருப்பாள். இப்போது சுப்ரியாவின் முகத்தைப் பார்த்தாள். சாமியின் கையைப் பார்த்தாள். வெட்கப்பட்ட மனுஷன் நண்டு மாதிரி. பிடித்ததை இன்னும் இறுக்குவானே தவிர விடமாட்டான். சிரிப்பை அப்படியே விழுங்கினாள்.

"மாமி, ஒரு சோடா வேணும்."

"தாகமா?"

"எனக்கில்ல. கல்லுக்காக்கும்."

சுப்ரியா பழவங்காடி முக்குக்குப் போய் வாங்கிவந்தாள். செல்லபாய் தொட்டித் தண்ணீர் பாதி நிறைந்த வாளிக்கு மேலே கல்லைத் தூக்கிப் பிடித்து, ஓட்டைக்குள் சிரிஞ்சால் சோடாவைப் பீய்ச்சினாள். கல் நுரைத்தது. ஏப்பம் விட்டது. முதலில் ஒரு நண்டுக்குஞ்சு ஓடிவந்தது. பிறகு விரல் நீளத்தில் பச்சையாக ஒன்று, காம்பு மேல் நின்ற கண்களை உருட்டிக்கொண்டு வாளிக்குள் பொத்தென்று விழுந்தது. செல்லபாய் நனைந்த துண்டை மேலே போட்டு மூடினாள்.

"மீன் தின்ன ஆளு இவனாக்கும்."

"கொன்னுடாதே."

"இல்ல சாமி. விழிஞ்ஞத்துப் பாறையில விட்டுருவேன். அவனுக்கு வீடு அதுதானே."

மணி நாலே முக்கால். சுப்ரியா கணினியை இழுத்துக்கொண்டாள். "வரலைன்னே எழுதிடறேன்பா."

செல்லபாய் வாளியோடு வாசல்வரை போய் நின்றாள். "சாமி, ஒரு சம்சயம். 'வேண்டாம்னு எழுதட்டா'ன்னு மட்டுந்தானே பல்லிகிட்ட கேட்டிய? 'போகட்டா'ன்னு ஒருக்காகூடக் கேக்கல்லியே. ஒரு கட்சியை மட்டும் விசாரிச்சுத் தீர்ப்புச் சொன்னா அது நியாயமா?"

சாமி யோசித்தார். முப்பது வருடம் இரண்டு கையெழுத்து இல்லாமல் ஒரு காகிதத்தையும் விடாதவர். வாதம் சரியாகப் பட்டது. விட்டத்து மூலையை நிமிர்ந்து பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"குழந்தை... போகட்டுமா?"

தொட்டியின் மோட்டார் மட்டும் களகளத்தது. மாமி கரண்டியும் கையுமாக அடுக்களை வாசலில் நின்றாள். சுப்ரியா மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள். எல்லாக் கண்ணும் விட்டத்தில்.

செல்லபாயும் கோயிலில் தீபாராதனை பார்ப்பவள்போல முகத்தைப் பக்தியாக மேலே தூக்கினாள். கீழே, வாளியை அணைத்திருந்த கையின் நடுவிரல் மட்டும் கட்டைவிரலில் முட்டுக்கொடுத்து, வாளியின் வயிற்றில் ஒரே ஒரு சுண்டு சுண்டியது.