எங்கள் வண்டியில் தினமும் ஒரு சாவு

போன வாரம் ஆரப்பாளையம் சிக்னலில் என் ஸ்கூட்டருக்கு முன்னால் ஒரு குட்டியானை நின்றது. அதன் பின்கதவில் 'சரக்கு வாகனத்தில் ஆட்களை ஏற்றாதீர்' என்று மஞ்சள் பெயின்டில் முத்து முத்தாக எழுதியிருந்தது. அந்த எழுத்துக்கு மேலே ஒரு குடும்பமே உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தது. கெடாவெட்டுக்குப் போகிறார்கள் போல. நடுவில் மாலை போட்ட கெடா ஒன்றும் நின்றது. சட்டப்படி அந்த வண்டியில் பயணம் செய்யத் தகுதியுள்ள ஒரே ஜீவன் அதுதான்.

பச்சை விளக்கு விழுந்து வண்டி நகர்ந்தபோது வெயிலில் காய்ந்த தார்ப்பாய் வாசம் முகத்தில் அடித்தது. பின்னால் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். எனக்கு அந்த வாசத்தோடு மல்லிகை வாசமும் வந்தால்தான் நிறைவாக இருக்கும். ஏனென்றால் இருபது வயதில் நானும் ஒரு சரக்காகத்தான் தினமும் மதுரைக்கு வந்துகொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் உசிலம்பட்டிக்கும் மதுரைக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பஸ் உண்டு என்று சொல்வார்கள். கடவுள் உண்டு என்று சொல்வதைப் போலத்தான் அதுவும், நம்பிக் காத்திருக்க வேண்டும். அதனால் எங்களுக்கு வாய்த்தது சீனியண்ணனின் லோடு வண்டி. எங்கள் பக்கத்துக் காட்டு மல்லிகையை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக வாங்கிய வண்டி அது. பூ மூட்டை எடை கம்மி, இடம் மிச்சம். சீனியண்ணன் இரண்டு பக்கமும் பலகை அடித்து, மேலே குழாய் வளைத்துத் தார்ப்பாய் போட்டு, பின்னால் ஏற ஒரு இரும்புப் படியும் வைத்துவிட்டார். கட்டட வேலைக்குப் போகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், ஜவுளிக்கடையில் பில் போடுகிற நான் என்று எல்லோரும் ஏறிக்கொள்வோம். காகிதப்படி நாங்கள் அத்தனை பேரும் மல்லிகைப் பூ.

எங்கள் ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு. நான் மேலத்தெரு. எங்கள் காடுகளில் தலைமுறையாகக் கூலி வேலை பார்த்தவர்கள் கீழத்தெரு. டீக்கடையில் ஒரே பெஞ்சில் இரண்டு தெருவும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வண்டியிலும் ஆரம்பத்தில் தெருவுக்கு ஒரு பலகை என்றுதான் மரியாதையாக உட்கார்ந்தார்கள். ஆனால் அரசாங்கம் ரோட்டில் வேகத்தடை போட்டிருக்கிறதே. முதல் தடையிலேயே மேலத்தெருவின் முழங்கால் கீழத்தெருவின் முழங்காலில் போய் இடிக்கும். இரண்டாவது தடையில் யார் மடியில் யார் தூக்குச்சட்டி என்று தெரியாது. ஊரில் எத்தனையோ பெரிய மனிதர்கள் செய்ய முடியாததை நெடுஞ்சாலைத் துறை தன்னை அறியாமல் செய்துவிட்டது.

எனக்கு எப்போதும் பக்கத்தில் வாய்ப்பது கீழத்தெரு மாரியம்மா. ஆரப்பாளையத்தில் பூக்கட்டி விற்பவர். என் அம்மா வயது. ஊர் வழக்கப்படி நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவர் என்னைத் 'தாயி' என்று கூப்பிட வேண்டும். வண்டியில் அது தானாக மாறிப்போனது. தோளில் சாய்ந்து தூங்கிவிட்டு, எழுந்ததும் அந்த மனுஷியைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு வரவில்லை. நான் 'அக்கா' என்றேன். அவர் 'ஏ புள்ள' என்றார். ஊருக்குள் இறங்கியதும் இரண்டு பேரும் பழையபடி ஆகிவிடுவோம்.

இனிச் சாவு விஷயத்துக்கு வருகிறேன். லோடு வண்டியில் ஆளை ஏற்றினால் பைபாஸ் முக்கில் பிடிப்பார்கள். ஒருமுறை நாங்கள் நிஜமாகவே ஒரு துக்க வீட்டுக்குப் போனோம். அன்றைக்கும் பிடித்தார்கள். உள்ளே மாலையையும் அழுகிற பெண்களையும் பார்த்த அதிகாரி, ஒதுங்கி வழிவிட்டார். சீனியண்ணனுக்கு ஞானம் பிறந்த இடம் அதுதான். மறுநாளிலிருந்து எங்கள் வண்டி தினமும் துக்கத்துக்குப் போகும் வண்டியாகிவிட்டது. பூவுக்குப் பஞ்சமா? இரண்டு மாலை எப்போதும் முன்கண்ணாடியில் தொங்கும். பைபாஸில் காக்கிச்சட்டை தெரிந்தால் சீனியண்ணன் முதுகுப்பக்கக் கண்ணாடியைத் தட்டுவார். உடனே பெண்கள் எல்லோரும் தோளோடு தோள் கட்டிக்கொண்டு, தலையோடு தலை முட்டி ஒப்பாரியை ஆரம்பித்துவிட வேண்டும். ஆண்களுக்கு நடிப்பு சுத்தமாக வரவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருக்கச் சொல்லிவிட்டார்.

பாட்டுக்கு மாரியக்காதான் தலைவி. எழுதி வைத்தெல்லாம் பாடுவதில்லை, அன்றன்றைக்கு எது எரிகிறதோ அது. கேஸ் விலை வரும், குடிகாரப் புருஷன் வருவார், பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வராதது வரும். "ரேசன் அரிசி புழுத்துப்போச்சே என் ராசா, நீ பாக்காமப் போயிட்டியே" என்று ஒருநாள் பாடியதைக் கேட்டு ஒரு காவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் வீட்டிலும் அதே அரிசிதான் போல. நான் முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பேன். வெளியிலிருந்து பார்த்தால் எல்லோரையும்விட அதிகமாக அழுகிறவள் நான்தான்.

வீட்டில் என் நிலைமை வேறு. 'வர்ற தை வரைக்குந்தான் இந்த வேலை' என்று அப்பா சொல்லியிருந்தார். உசிலம்பட்டியில் இருந்த பெரியப்பா ஒவ்வொரு தடவை வரும்போதும், கீழத்தெரு ஆட்களோடு முழங்கால் இடித்துக்கொண்டு பெண்பிள்ளை போவதா என்று ஓதிவிட்டுப் போவார். அப்பா கெட்டவர் இல்லை. அண்ணன் பேச்சைக் கேட்கிறவர், அவ்வளவுதான். எனக்கோ அந்த வேலை போனால் எல்லாம் போனது. பெரியம்மாவின் தம்பி ஒருவர், ஏற்கெனவே இரண்டு தொழிலை மூழ்கடித்தவர், மூன்றாவதாக என்னைக் கல்யாணம் செய்யத் தயாராக இருந்தார்.

தை நெருங்கிய ஒரு நாள் பைபாஸில் புது அதிகாரி. நல்ல மனுஷன், அதுதான் தொல்லையாகிவிட்டது. மற்றவர்கள் அழுகையைக் கேட்டுக் கையை ஆட்டி அனுப்பிவிடுவார்கள். இவர் படியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்து, யார் இறந்தது என்று பரிவாகக் கேட்டார். சீனியண்ணனுக்குப் பொய் சொல்ல வரும், பெயர் யோசிக்க வராது. குலுங்கிக்கொண்டிருந்த என்னைக் காட்டி, "இந்தப் பிள்ளையோட அப்பாங்க சார். ஆஸ்பத்திரியில கெடக்காரு, எடுக்கப் போறோம்" என்றார். பேர் என்ன என்றதும் அப்பாவின் பெயரை, ஊரோடு, இனிஷியலோடு சொல்லிவிட்டார்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மாரியக்கா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "பொட்டப்புள்ளைய வேலைக்கு அனுப்பி அழகு பாத்த மவராசா, ஊரு பேச்சைக் கேக்காத உத்தமரே" என்று எடுத்தார். அப்பாவிடம் எது இல்லையோ அதையெல்லாம் பாடினார். அன்றைக்குத்தான் நான் அந்த வண்டியில் நிஜமாக அழுதேன். அக்காவின் ரவிக்கைத் தோள் நனைந்துபோயிற்று.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அதிகாரியோடு நின்ற காவலர் அப்பாவிடம் மாடு வாங்கியவர். துக்கம் தாங்காமல் உசிலம்பட்டியில் இருந்த தன் மச்சானுக்குப் போன் போட்டுவிட்டார். மச்சான் பெரியப்பாவுக்கு அடுத்த தெரு. நாங்கள் ஆரப்பாளையம் போய்ச் சேருமுன் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அப்பா அன்றைக்கு மாடு விற்க உசிலம்பட்டிச் சந்தைக்குத்தான் போயிருந்தார். பெரியப்பா பஸ் ஏறிய இடத்துக்கும் அப்பா நின்ற சந்தைக்கும் கூப்பிடு தூரம். அப்பா செல்போனை நம்பாதவர், வாங்கவில்லை. வீட்டில் இல்லாத ஆள் செத்துப்போனார் என்றால் அம்மா எப்படி நம்பாமல் இருப்பார்?

மத்தியானம் கடை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "உங்க அப்பா தவறிட்டாராம்மா, கெளம்புங்க" என்றார். அது எங்கள் வண்டியில் பிறந்த பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போட்ட பில்லை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஊர் முழுக்கச் சொல்கிறார்களே, ஒருவேளை நிஜமாகவே ஏதாவது ஆகியிருந்தால்? டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து, தினம் தினம் விளையாட்டாகச் சாவைக் கூப்பிட்டோமே என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டே போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல். பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். சற்று முன்புதான் வந்திருக்கிறார். தெருவில் கூட்டத்தைப் பார்த்து, மாடு விற்ற களைப்போடு கடைசி வரிசையில் நின்று எட்டிப் பார்த்திருக்கிறார். தலையில் முண்டாசு. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் பெரியப்பா பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா கிணற்றுப் பங்கைப் பிரித்து முடித்துவிட்டு என் விஷயத்துக்கு வந்திருந்தார். முதல் காரியமாக அந்தப் பிள்ளையை வேலையை விட்டு நிறுத்த வேண்டும், அந்த வண்டியில் ஏறவிடக் கூடாது, காரியம் முடிந்ததும் மச்சினனுக்குப் பேசி முடித்துவிட வேண்டும். அத்தனையும் அப்பா எனக்குச் சொல்லிவந்ததேதான். தான் செத்த பிறகு அடுத்தவர் வாயில் கேட்கும்போது அவருக்கு வேறு மாதிரி கேட்டிருக்கிறது.

அப்பாவைப் பார்த்ததும் அம்மா சந்தோஷத்தில் அவரை மொத்து மொத்தென்று மொத்திவிட்டார். தேனிப் பக்கமிருந்து அழுதுகொண்டே வந்த அத்தை ஒருத்திக்கு அழுகையை நிறுத்த முடியவில்லை. வந்ததற்கு அழுதுவிட்டே போகிறேன் என்று ஓரமாக உட்கார்ந்து அழுது முடித்துவிட்டுத்தான் டீ வாங்கினார். ஆஸ்பத்திரிக்கு அப்பாவைத் தேடிப்போன மாமா, 'பாடியைக் காணோம்' என்று அங்கே சண்டை போட்டுவிட்டுச் சாயங்காலம் வந்தார். உயிரோடு இருந்த அப்பாவைப் பார்த்ததில் அவருக்குக் கொஞ்சம் கோபம்தான்.

பெரியப்பா தோற்பவர் இல்லை. எல்லாவற்றுக்கும் அந்த வண்டிதான் காரணம், நாளையிலிருந்து பிள்ளையை நிறுத்து என்றார். நான் கதவோரம் நின்றேன். என் தை மாதம் அன்றைக்கே வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "நான் செத்தா என்ன நடக்கும்னு இன்னைக்குப் பாத்துட்டேன்ணே" என்றார். "நாளைக்கு அவ வேலைக்குப் போவா. அதே வண்டியிலதான் போவா."

மறுநாள் காலை சீனியண்ணன் பயந்துகொண்டே வந்து தலையைச் சொறிந்தார். அப்பா திட்டவில்லை. "இனிமே எவனாச்சும் கேட்டா எங்கண்ணன் பேரைச் சொல்லு மாப்ள" என்றார். அதற்குப் பிறகு பெரியப்பா அந்தப் பைபாஸில் எத்தனை தடவை இறந்தார் என்பதற்குக் கணக்கே இல்லை. நல்ல திடகாத்திரமாக இன்றைக்கும் இருக்கிறார்.

அந்த வேலையைப் பிடித்துக்கொண்டுதான் நான் படித்தேன், பரீட்சை எழுதினேன், இப்போது மதுரையில் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். வண்டிதான் இல்லை. பைபாஸில் கேமரா வைத்தார்கள், கேமரா ஒப்பாரிக்கு இரங்காது. சீனியண்ணன் பலகைகளைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் கேன் ஏற்ற ஆரம்பித்தார். மினிபஸ் வந்தது, பெண்களுக்கு இலவச பஸ் வந்தது. எல்லாம் நல்லதுதான், குறை சொன்னால் வாய் அழுகிவிடும். பஸ்ஸில் ஆளுக்கொரு சீட், ஆளுக்கொரு செல்போன். மேலத்தெருப் பெண்கள் முன்னால் உட்கார்கிறார்கள், கீழத்தெரு பின்னால். நல்ல பஸ், குலுங்குவதில்லை.

அப்பா இதற்கெல்லாம் பிறகுதான் நிஜமாக இறந்தார். அதே வாசல், அதே பந்தல், அதே பெரியப்பா. மாரியக்கா வந்திருந்தார். கீழத்தெருக்காரர்கள் வழக்கமாக நிற்கிற தெருமுனையில், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பந்தலுக்குள் இருந்த பெண்களுக்கு இரண்டு வரிக்கு மேல் ஒப்பாரி தெரியவில்லை. நான் எழுந்து போய் அக்காவின் கையைப் பிடித்து உள்ளே வரச் சொன்னேன். அவர் கையை மெதுவாக உருவிக்கொண்டார்.

"அது ரோடு," என்றார். "இது தெரு தாயி."

நான் அங்கேயே அவரைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். பந்தலிலிருந்து, அப்பா தலைக்கு எண்ணெய் வைக்க மகளைக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். என் அப்பாவுக்காக மாரியக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதது ஒரே ஒரு நாள்தான். அன்றைக்கு அப்பா உசிலம்பட்டிச் சந்தையில் மாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்.