பேசாத பையனாக உட்கார்ந்தேன்

ஆங்கில ஆசிரியர்களுக்குத் திண்டுக்கல்லில் பயிற்சி. பயிற்சி தர வந்த மேடம் இருந்தார். குஜிலியம்பாறை வாத்தியார் இருந்தார். வத்தலக்குண்டு டீச்சர் இருந்தார். இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். டீ கொண்டுபோன நானும் இருந்தேன்.

அடிக்காமல் பாடம் நடத்துவது எப்படி என்று அன்றைக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பதில் சொல்லாத பையனாக நடிக்க ஒருவரும் வரவில்லை.

"அண்ணே, நீங்க உக்காருங்க. என்ன கேட்டாலும் வாயத் தொறக்காதீங்க" என்றார் மேடம்.

பாடம் நடத்திக் காட்ட எழுந்த குஜிலியம்பாறை வாத்தியார் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். பேசாமல் இருந்தேன். மறுபடி கேட்டார். அப்போதும் பேசவில்லை.

"சாருக்கு வேர்க்குது, ஃபேனக் கூட்டி வைங்கப்பா" என்றார் வத்தலக்குண்டு டீச்சர். எல்லாரும் சிரித்தார்கள்.

வாத்தியார் முகம் கறுத்தது. மேசையில் கிடந்த கட்டை டஸ்டரை எடுத்து என் மேல் வீசினார். வலது புருவம் கிழிந்தது. எனக்குப் பார்வை உள்ளதே அந்த ஒரு கண்ணில்தான். ரத்தம் இறங்கி எல்லாம் மங்கியது. கண் போச்சு என்று நினைத்தேன். மங்கலாகத் தெரிந்த அவர் சட்டையைப் பிடித்து இழுத்து அவரைச் சுவரில் மோதவிட்டேன்.

நாலு பேர் பிரித்துவிட்டார்கள். டீச்சர் துணியால் துடைத்ததும் வெளிச்சம் தெரிந்தது.

"பழக்கத்துல கை போயிருச்சுண்ணே" என்றார் வாத்தியார்.

"ஒங்க வகுப்புல எத்தன பிள்ளைக?" என்று கேட்டேன்.

நாற்பத்திரண்டு.