‘திடீர்’ என்று எழுதிய உறை

தையல் கம்பெனியில் அவளை எல்லோரும் மாஸ்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எண்பது அடுக்குத் துணியை மேஜையில் விரித்து, மின்கத்தியால் ஒரு நூல் பிசகாமல் வெட்டுகிறவள். வீட்டிலும் அதே கைதான். கணக்கில் வராமல் கால் காசு வாசல் தாண்டாது.

இரண்டு வருடத்துக்கு முன் மகள் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோது, அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் டைம் கேட்டாள். நாய் வளர்க்கும் மூன்று பேரிடம் விசாரித்தாள். பிறகு நான்கு உறைகளை எடுத்து, சாப்பாடு, ஊசி, பூச்சி மருந்து என்று மூன்றில் எழுதினாள். நான்காவதில் ‘திடீர்’ என்று மட்டும் எழுதினாள். சம்பளம் வந்த அன்றே அந்த உறையில் ஒரு தொகை விழுந்துவிடும்.

“எனக்கும் ஒரு கவர் போடேன்” என்றான் கணவன். தண்ணீர் கேன் கம்பெனிக்குச் சொந்த வேன் ஓட்டுகிறவன்.

“நீங்க ஊசின்னா ஓடிப்போயிடுவீங்க. அது ஒழுங்கா வரும்.”

அன்றிலிருந்து நாய்க்குச் செல்லம் கொடுத்ததில் அவன்தான் முதல் ஆள். மூட்டை என்று பெயர் வைத்ததும் அவனே.

அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்து மூட்டை வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தது. பதினொரு மணிக்கு எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. உறைகளைக் கைப்பையில் திணித்து, நாயைப் போர்வையில் சுற்றி, மகளோடு ஆட்டோ பிடித்தாள். கணவன் கேன் போடப் போயிருந்தான்.

டாக்டரம்மா எக்ஸ்ரேவை விளக்கில் பிடித்துக் காட்டினார். “ஏதோ நாடா மாதிரி நீளமா முழுங்கியிருக்கு. குடல் சுருங்கிக்கிட்டு வருது பாருங்க. விட்டா குடலை அறுத்துடும். இப்பவே திறந்தாகணும்.”

மாஸ்டரக்காவுக்கு உடனே தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து கொண்டுவந்த எலாஸ்டிக் நாடா. மகளின் பாவாடைக்கு என்று கட்டில் மேல் வைத்தது அவள்தான்.

மொத்தம் பதினெட்டாயிரம். பன்னிரண்டு முன்பணம். மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். திடீரில் மட்டும் பதினொன்று நானூறு. மற்ற உறைகளையும் சேர்த்தால் தாராளமாகத் தாண்டும். வரவேற்பு மேஜையில் உறையைப் பிரித்தாள்.

ஆயிரத்து நானூறு இருந்தது. கூடவே மடித்த ஒரு துண்டுச் சீட்டு. ‘கிளட்ச் போச்சு. பத்து எடுத்திருக்கேன். அடுத்த மாசம் வெச்சிடறேன். திட்டாதே.’

மகள் எட்டிப் பார்ப்பதற்குள் சீட்டைக் கைக்குள் கசக்கினாள். எல்லாவற்றையும் கொட்டி எண்ணியதில் நாலாயிரத்து அறுநூறு.

“இதை வெச்சு ஆரம்பிங்க. மீதி வந்துடும்.”

மேஜைப் பெண் தலையை ஆட்டினாள். “இதுக்கு ட்ரிப் மட்டும் போடுவாங்கக்கா. ஆபரேஷன்னா முன்பணம் கட்டணும். நாயை விட்டுட்டே போனவங்க இருக்காங்க, அதான்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “வேண்டாம்னா வலியில்லாம முடிச்சுடலாம். அதுக்கு எண்ணூறுதான் ஆகும்.”

எண்ணூறு அவள் கையில் இருந்தது. அந்தக் கையையே மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதெல்லாம் வேண்டாம்” என்றாள் மாஸ்டரக்கா. குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

வாசலுக்கு வந்து கணவனுக்குப் போன் போட்டாள். மூன்றாவது தடவை எடுத்தான்.

“திடீர் கவர்ல பத்து இல்ல.”

வேனை ஓரம் கட்டும் சத்தம் கேட்டது.

“சொல்லணும்னுதான் இருந்தேன். நீ...”

“மூட்டை செத்துக்கிட்டு இருக்கு. இன்னும் ஏழாயிரத்து நானூறு வேணும். ஒரு மணி நேரம்கூட இல்ல.”

போன் கட்டாகிவிட்டது. வைத்துவிட்டானா, வெட்கத்தில் அணைத்துவிட்டானா, தெரியவில்லை. திரும்பப் போட்டாள், எடுக்கவில்லை. கம்பெனியில் இரண்டு பேரைக் கூப்பிட்டாள். மாதக் கடைசி. ஒருத்தி ஆயிரம் அனுப்பினாள். உள்ளே மூட்டையின் முனகல் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. மகள் கதவின் கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றாள். டாக்டரம்மா இரண்டு முறை வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

நாற்பது நிமிடம் கழித்து, பாதிக் கேன்களோடு வேன் வந்து நின்றது. இறங்கி ஓடிவந்தவன் அவளைப் பார்க்கவில்லை. மேஜையில் எட்டாயிரத்தை வைத்தான்.

“கேன் கம்பெனி ஓனர்கிட்ட முன்பணம் வாங்கினேன். போன்ல சார்ஜ் போச்சு” என்றான் தரையைப் பார்த்து. அவள் பணத்தை எண்ணிக் கட்டினாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டரம்மா ஒரு கிண்ணத்தில் எலாஸ்டிக்கைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு முழத்துக்கு மேல் இருந்தது. “இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா குடல் கிழிஞ்சிருக்கும். ரெண்டு நாள் தாண்டணும்.”

மகள் அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவனும் அழுதான். மாஸ்டரக்கா அழவில்லை. மீதியை இரண்டு தவணையில் கட்டுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மூட்டை இரண்டு நாளைத் தாண்டியது. கஞ்சியை மகள் ஊட்டினாள், மருந்தை அவன் கொடுத்தான். அவனோடு மாஸ்டரக்கா பேசியதெல்லாம் மருந்து நேரம் பற்றித்தான். பத்தாம் நாள் தையல் பிரித்துவிட்டு வேனில் திரும்பும்போது அவனே வாயைத் திறந்தான்.

“பிரேக்ல சத்தம் வருது. மூவாயிரம் ஆகும்னு மெக்கானிக் சொல்றார்.”

அவள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

“எப்பலேர்ந்து?”

“நேத்துலேர்ந்து.”

“நாளைக்குக் காலையில நானும் வரேன்” என்றாள். “என்ன மாத்தறாங்கன்னு பாக்கலாம்.”