சந்தனப் பொட்டு வைத்த ஸ்னோபுளோவர்

அகதிகளாகக் கனடாவின் மொன்றியலுக்கு வந்த எங்களுக்கு, அதன் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் சொந்த வீட்டில் அதுதான் முதல் குளிர்காலம். வீட்டு வாசல் கார்ப் பாதையில் குவியும் பனியை, முன்னால் சுழலும் இரும்புப் பற்களால் அள்ளி எறியும் ஸ்னோபுளோவர் வாங்கப் போனோம். என் கண் பெரிய, பழைய மெஷின் ஒன்றில் இருந்தது. மனைவியோ ஒவ்வொன்றையும் ஓட்டிக் காட்டச் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, கைபிடியை விட்டவுடனை நிக்கிற இதுதான் சரி. நீங்கள் பெரிய அவசரக்காரர்."

கடைக்காரருக்குத் தமிழ் தெரியாததால் என் மானம் தப்பியது.

புது வாகனத்துக்குச் செய்வதுபோல அதன் முகத்தில் சந்தனப் பொட்டு வைத்து, பாதையிலேயே தேங்காய் உடைத்தேன். சிதறிய சிரட்டைகளை முழுதாகப் பொறுக்கவில்லை. அவற்றின்மேல் பனி கொட்டிவிட்டது.

மறுநாள் காலை பனிக்குள் கிடந்த சிரட்டை மாட்டி, மெஷின் கடகடவென்று இறுகியது. கைபிடியை விட்டுவிட்டு ஓடிப்போய் அதன் வாய்க்குள் கையை விட்டேன். விரல் இரும்புப் பல்லில் பட்டபோதுதான் செய்த காரியம் உறைத்தது. பல் சுழலாமல் நின்றிருந்தது. நான் ஆசைப்பட்ட பழைய மெஷின் என்றால், கைபிடியை விட்டாலும் பல் சுழன்று கை போயிருக்கும்.

இப்போது எஞ்சினை நிறுத்தி, தடியால்தான் அடைப்பை எடுக்கிறேன். ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும் தேங்காய் பின்வளவில் உடைகிறது. பொட்டு மட்டும் இடம் மாறிவிட்டது. மனைவி சந்தனம் குழைத்துத் தர, அந்தக் கைபிடிக்குத்தான் வைக்கிறேன்.