மூன்றாவது கோவிலில் வாங்கியது

வியாழக்கிழமை காலை பத்து இருபதுக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தபோது என் மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கைப்பேசியை நான்தான் எடுத்தேன். அவளுடைய சோதனை முடிவைக் கேட்க அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி வரச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்தை வரும் செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு மாற்றியிருப்பதாக ஒரு பெண் சொன்னார். வீட்டிலிருந்து யாராவது ஒருவர் கூட வருவது நல்லது என்றார். ஏன் என்று கேட்டேன். மருத்துவர் சொல்வார் என்றார். மொத்தம் ஒரு நிமிடம் ஐம்பது விநாடி.

துறைமுகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் சரக்கு எண்ணியவன் நான். பட்டியலில் ஒரு தேதி முன்னால் வந்தால் ஏதோ ஒன்று உடைந்திருக்கும், இல்லையென்றால் காணாமல் போயிருக்கும். நல்ல செய்தியை யாரும் அவசரமாகக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை.

அழைப்பின் பதிவை அழித்தேன். பின்னாலேயே வந்த குறுஞ்செய்தியையும் அழித்தேன். அவள் ஈரத் தலையோடு வெளியே வந்து, "யாருங்க ஃபோன்ல?" என்றாள்.

"இன்ஷூரன்ஸ்காரன்."

அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்காமல் விட்டதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

சனிக்கிழமை எனக்கு வகுப்புப் பயணம். எழுபத்திரண்டு வயதில் நான் மாணவன். கிளமெண்டியில் மூத்தோருக்காக நடக்கும் பத்து வார வகுப்பு. பாடம், நகரத்தின் பழைய கட்டடங்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு வகைக் கட்டடத்தைப் போய்ப் பார்த்து எழுதவேண்டும். எங்கள் குழுவுக்குக் கத்தோலிக்கக் கோவில்கள் விழுந்தன. குழுவில் என்னோடு சேர்த்து நான்கு பேர். சுவா சூ காங்கில் என் புளோக்கிலேயே ஏழாவது மாடியில் இருக்கும் நண்பன், துவாஸில் கப்பல் பட்டறை மேற்பார்வையாளனாக இருந்தவன். எதைப் பார்த்தாலும் அதன் ஜன்னலை வரைந்துகொள்ளும் ஒரு சீனர். ஓய்வுபெற்ற மருத்துவமனைத் தாதி ஒருவர். இங்கே பழைய வழக்கப்படி எல்லோரும் அவரை மிஸ்ஸி என்றுதான் அழைத்தோம். நால்வரில் அவர் ஒருவரே கத்தோலிக்கர்.

எனக்குப் போகப் பிடிக்கவில்லை. போகாவிட்டால் ஏன் என்று என் மனைவி கேட்பாள். அதனால் போனேன்.

ரயிலில் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து பதினோராவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. இரண்டு மணிக்குச் சந்திப்பதாகப் பேச்சு. நானும் நண்பனும் பன்னிரண்டு நிமிடம் முன்னதாகவே போய்விட்டோம். அங்கே தேக்கா சந்தைப் பக்கம் பூமாலைக் கடைகளில் கூட்டம். வழியெல்லாம் அவன் தன் முழங்காலைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். அவன் மனைவியும் என் மனைவியும் தினமும் பேசுகிறவர்கள். இவனுக்கு ஏதாவது தெரிந்திருக்குமோ, தெரிந்துதான் முழங்காலைப் பேசுகிறானோ என்று அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

மிஸ்ஸியும் சீனரும் வந்து சேர்ந்ததும் நால்வரும் குவீன் ஸ்ட்ரீட் பக்கமாக நடந்தோம். முதல் கோவிலில் வெளியே ஆறு தூண், உள்ளே இருபுறமும் இருபத்திரண்டு பெஞ்சு. சுவரில் சிலுவைப்பாதைப் படங்கள். எண்ணியபோது பதின்மூன்றுதான் வந்தது. பதினான்கு இருக்கவேண்டும் என்று மிஸ்ஸி சொன்னார். திரும்பப் போய் எண்ணினேன். ஒன்று தூணுக்குப் பின்னால் மறைந்திருந்தது.

"யோவ், சாமி படத்தையாவது எண்ணாம விடு லா," என்றான் நண்பன். "அது என்ன கண்டெய்னரா?"

இரண்டாவது கோவிலுக்குக் கூரான உயர்ந்த கோபுரம். அதைச் சீனர் வரைந்து முடிக்கும்வரை நாங்கள் மரநிழலில் நின்றோம். அப்போது மிஸ்ஸி என் பக்கம் வந்து, வீட்டில் அண்ணி எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். நன்றாக இருக்கிறாள் என்றேன். முன்பு எந்த மருத்துவமனையில் வேலை பார்த்தார் என்று அவரைத் திருப்பிக் கேட்டேன். அவர் சொன்ன பெயர் எனக்கு நல்லதாகப் படவில்லை. என் மனைவியைச் சோதித்த இடமும் அதுதான். பழைய தோழிகள் இன்னும் அங்கே இருக்கலாம். ஏழு வாரமாக ஒரே வகுப்பில் இருக்கிறோம். இதுவரை என் வீட்டை அவர் விசாரித்ததில்லை. இன்றைக்கு ஏன்?

மூன்றாவது கோவில் ரோச்சோர் பக்கம். போய்ச் சேரும்போது மாலைத் தமிழ்ப் பூசை தொடங்க இருந்தது. தாம் பூசை பார்த்துவிட்டு வருவதாகவும், விருப்பமிருந்தால் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம் என்றும் மிஸ்ஸி சொன்னார். சீனர் வெளியே நின்று ஜன்னல் வரையப் போனார். நண்பன் டீக்கடைக்குத் தேத்தாரே குடிக்கப் போனான். நான் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். கால் வலித்தது, மின்விசிறி இருந்தது. வேறு காரணம் இல்லை.

தமிழில் பாடினார்கள், தமிழில் வேண்டினார்கள். நோயாளிகளுக்காக என்று ஒரு வேண்டுதல் வந்தது. செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். நாளை சொல்லலாமா, திங்கள் இரவு சொல்லலாமா, அல்லது ஏதோ ஒரு சாக்கில் வாசல்வரை கூட்டிப்போய் அங்கே சொல்லலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஆட்கள் எழுந்து நடுவழியில் வரிசையாகப் போனார்கள். பாதிரியார் ஒவ்வொருவர் கையிலும் எதையோ வைத்தார். நான் கோவிலுக்குள் போகிறவன் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் என் மனைவி சிராங்கூன் சாலையில் கோவிலுக்குள் போய்வரும்வரை வெளியே செருப்புக்குப் பக்கத்தில் நிற்பேன். கல்யாணமான நாற்பத்தாறு ஆண்டில் ஒரு சிட்டிகை திருநீறுகூட என் கையால் அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை. அன்று கொடுக்கவேண்டும்போல் இருந்தது. எந்தச் சாமி என்று யோசிக்கவில்லை. எழுந்து வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் முப்பத்தொரு பேர்.

என் முறை வந்ததும் தீர்த்தத்துக்கு ஏந்துவதுபோல் இடக்கையின்மேல் வலக்கையைக் குழித்து நீட்டினேன். பாதிரியார் இரண்டு சொல் சொன்னார். பாட்டுச் சத்தத்தில் காதில் விழவில்லை. தலையசைத்தேன். வெள்ளையாக, வட்டமாக, எடையே இல்லாத ஒன்று கைக்கு வந்தது. நடந்தபடியே அதைக் கைக்குட்டையில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பெஞ்சுக்குத் திரும்பியதும் ஒருவர் வந்து குனிந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வருகிறவர்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தவர்.

"ஐயா, வாயில போட்டுட்டீங்களா?"

மிக மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வியின் வகை எனக்குத் தெரியும். துறைமுகத்தில் எத்தனையோ பேரை அதே குரலில் கேட்டிருக்கிறேன்.

"போட்டாச்சு," என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். தலையாட்டிவிட்டுப் போனார். என்னைத் திருடன் என்று நினைக்கிறான், இந்த மாவு வில்லைக்கா என்று கோபம் வந்தது. பூசை முடியும்வரை அவர் இரண்டு முறை என் பக்கம் திரும்பினார். முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்து மதிலோரம் நின்றேன்.

மிஸ்ஸி நேராக என்னிடம் வந்தார். என் கை சட்டைப்பையின்மேல் இருந்தது, எடுக்க மறந்துவிட்டேன்.

"அண்ணே, நீங்க வரிசையில நின்னதைப் பார்த்தேன். அது பாக்கெட்டுலயா இருக்கு?"

"எது?"

"அது எங்களுக்குப் பிரசாதம் இல்லண்ணே. அதுதான் சாமி. ஒரு துணுக்கு கீழ விழுந்தாக்கூட ஃபாதர் குனிஞ்சு எடுப்பாரு." பிறகு, "அண்ணிக்கா?" என்று கேட்டார்.

நான் சாலையில் போன பேருந்தைப் பார்த்தேன். உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்க வாய்வரை வந்தது. அவர் முகத்தில் தெரிந்த கலவரம் என் வீட்டைப் பற்றியது அல்ல, என் சட்டைப்பையைப் பற்றியது என்று அப்போதுதான் பட்டது. அவருக்கு ஒன்றும் தெரியாது. நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்களேன் என்று கேட்டேன்.

"நான் வாங்கமாட்டேன். நீங்கதான் குடுக்கணும்," என்றார்.

உள்ளே பாதி விளக்கை அணைத்திருந்தார்கள். யாரும் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். இடம் காட்டிய அந்த மனிதர் நான் உட்கார்ந்திருந்த கடைசிப் பெஞ்சுக்கடியில் முழந்தாளிட்டு, கைப்பேசி விளக்கால் தரையைத் தேடிக்கொண்டிருந்தார். பெஞ்சின் கால்களுக்கு இடையில், முழந்தாள் பலகையின் கீழே, ஓடுகளின் இடுக்கில். என்னைப் பின்தொடர்ந்து வரவில்லை. என் பையைச் சோதிக்க ஆள் அழைக்கவில்லை. நான் சொன்னதை முழுதாக நம்பவும் இல்லை; கைதவறி விழுந்திருக்கும் என்று எனக்காக அவரே ஒரு காரணம் கண்டுபிடித்து, அதைத் தரையில் தேடிக்கொண்டிருந்தார்.

நான் கைக்குட்டையைப் பிரித்தேன். வில்லையின் ஓரம் சற்று உடைந்திருந்தது. அவர் அதைத் தொடவில்லை. பெஞ்சைப் பிடித்து எழுந்து, உள்ளே போய்ப் பாதிரியாரை அழைத்து வந்தார். பாதிரியார் அதை எடுத்துத் தம் வாயில் போட்டுக்கொண்டார். துகள் ஒட்டியிருக்கும், துணியும் இங்கேயே இருக்கட்டும் என்று கைக்குட்டையையும் கேட்டு வாங்கிப் போனார். ஒரு கடிந்த சொல் இல்லை.

"பொய் சொல்லிட்டேன்," என்றேன் அந்த மனிதரிடம்.

"தெரியாமத்தானே ஐயா. வீட்டுல யாருக்காச்சும் முடியலையா?"

"செவ்வாய்க்கிழமைதான் தெரியும்."

வியாழக்கிழமைக்குப் பிறகு அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். முன்பின் தெரியாத ஒருவரிடம்.

வீட்டுக்கு வர எட்டேகால் ஆனது. அவள் தோசை வார்த்தாள். பயணம் எப்படி என்று கேட்டாள். அவளைச் சிரிக்கவைக்கலாம் என்று நடந்ததையெல்லாம் சொன்னேன்: கை ஏந்தியது, கைக்குட்டை, பெஞ்சுக்கடியில் விளக்கு. கோவிலில் கேட்ட அந்தக் கடைசிக் கேள்வியையும் பதிலையும் மட்டும் விட்டுவிட்டேன்.

"அவங்க சாமியையேவா பாக்கெட்டுல போட்டுக்கிட்டு வரப் பாத்தீங்க?" என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நெடுநேரம் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. அடுப்பை அணைத்தாள்.

"நீங்க எதுக்குங்க வரிசையில போய் நின்னீங்க?"

"சும்மாதான்."

"சும்மா நிக்கிற ஆளா நீங்க?" என் எதிரில் உட்கார்ந்தாள். "ஆஸ்பத்திரியிலேர்ந்து ஃபோன் வந்துச்சா?"

இனி என்ன சொல்லி மறைப்பது? "செவ்வாய்க்கிழமை வரச் சொல்றாங்க. ஒன்பதரைக்கு. கூட ஒருத்தர் வரணுமாம்."

எப்போது தெரியும் என்று கேட்டாள். வியாழக்கிழமை என்றேன். மூன்று நாளாகத் தனியாக வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள் என்று கேட்டாள்.

அவள் எழுந்து சுவர் நாட்காட்டியில் இந்த மாதத் தாளைத் தூக்கி, அடுத்த மாதத்தில் பதினெட்டாம் தேதியைச் சுற்றியிருந்த வட்டத்தை அடித்தாள். தாளை விட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமையில் ஒரு வட்டம் போட்டாள். பிறகு பேனாவை என்னிடம் நீட்டி, "நேரத்தை நீங்க எழுதுங்க. உங்க எழுத்துதான் கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியும்," என்றாள்.

எழுதினேன். பெரிதாகவே எழுதினேன். அவள் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, ஆறிப்போன தோசையைத் திரும்பச் சூடாக்க அடுப்பைப் பற்றவைத்தாள்.