கொட்டை எழுத்தில் வந்த வெண்ணெய்

மலேசியாவின் குளுவாங்கில், சிறு வயதில் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பாவோடு கோப்பிக்கடைக்குப் போவது. மற்ற நாட்களில் அவர் தொழிற்சாலைக்குச் சொந்தம். அன்று காலை மட்டும் எனக்கு. கரியடுப்பில் வாட்டிய ரொட்டியில் காயா என்னும் தேங்காய்ப்பால் ஜாம் தடவி, நடுவில் குளிர்ந்த வெண்ணெயைக் கனமாக வெட்டி வைத்துத் தருவார்கள். அப்பா தன் ரொட்டியைப் பிரித்து, வெண்ணெயில் பாதியை என்னுடையதில் வைப்பார். "அம்மாகிட்ட சொல்லாத லா" என்பார். ரகசியம் என்றதும் அது இன்னும் ருசித்தது.

ஒரு வருடம் அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, சிங்கப்பூரில் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு அம்மா சரியாகத் தூங்கவில்லை. அப்பா லேசாக இருமினாலும் எழுந்து விளக்கைப் போடுவார்.

கருமாதி முடிந்த சில நாட்களில் ஞாயிறு மலரில் அந்தத் தலைப்பு வந்தது: "இதயத்தைக் கொல்லும் வெண்ணெய்!" பக்கத்தில் இதயத்தில் கத்தி பாய்ந்திருந்த படம். அம்மா தலைப்பைத் திரும்பத் திரும்பப் படித்தார். தன் அண்ணனைக் கொன்றவனைக் கண்டுபிடித்துவிட்டது போல இருந்தது அவர் முகம்.

"என்னங்க, இனிமே அந்தக் கடைப்பக்கமே போகக்கூடாது. என் தலைல அடிச்சி சத்தியம் பண்ணுங்க."

அப்பா மறுபேச்சில்லாமல் சத்தியம் செய்தார். வீட்டுக்கு டின் மார்ஜரினும் சீனி தூவிய பிஸ்கட்டும் வந்தன. சீனியின் மேல் யாரும் கத்தி வரையவில்லையே!

நான் சித்தப்பாவைத்தான் நம்பியிருந்தேன். பத்திரிகையை விளம்பரம் வரை விடாமல் படிக்கிறவர். வந்ததும் வராததுமாக அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, உள்ள படிச்சீங்களா? வெண்ணெய்தான் கொல்லுதுன்னு அந்த ஆராய்ச்சிக்காரங்க சொல்லவே இல்ல. அத நிறுத்திட்டு அதுக்குப் பதிலா என்ன சாப்பிடுறோம்கிறதையும் பாக்கணுமாம். இன்னும் ஆராயணும்னு கடைசில பொடி எழுத்துல போட்டிருக்கான்."

"படிச்சேன்டா."

"அப்புறம் ஏன் அண்ணிகிட்ட சொல்லல?"

"இந்த வாரந்தான் அவ தூங்குறா. விடு."

கதவோரம் நின்றிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரிந்தும் வாயைத் திறக்காத மனிதரை என்னவென்று சொல்வது! என்னைக் கூட்டிக்கொண்டு போவது அவருக்கு அலுத்துவிட்டது, அதற்கு ஒரு சாக்கு கிடைத்தது என்று நானே முடிவு கட்டினேன். பல நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு, அதே பத்திரிகை அதே கொட்டை எழுத்தில் "வெண்ணெய் நிரபராதி!" என்று தீர்ப்பு எழுதியது. ஆராய்ச்சிக்காரர்கள் இரண்டு முறையும் தயங்கித் தயங்கித்தான் பேசியிருப்பார்கள். தயக்கத்தைக் கொட்டை எழுத்தில் யார் போடுவார்கள்? அதைப் படித்துச் சிரிக்க அப்போது அப்பா இல்லை. இன்று நான் இருக்கும் ஜொகூர் பாருவில் எந்தக் கடையிலும் கேட்ட அளவு வெண்ணெய் வைத்துத் தருகிறார்கள். எனக்கு அந்தப் பாதிதான் வேண்டியிருக்கிறது.

சத்தியத்துக்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் அப்பா விடிந்ததும் எழுந்து, தலை சீவி, வெளியே போகிற சட்டையைப் போட்டுக்கொள்வார். பிறகு வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவத் தொடங்குவார். கழுவியதையே வெயில் ஏறும்வரை திரும்பக் கழுவிக்கொண்டிருப்பார். என்னைவிட மோட்டார்தான் அவருக்குப் பெரிதாகிவிட்டது என்று ஜன்னலுக்குப் பின்னால் நின்று நான் அழுதேன். போக இடமில்லாமல் வாசலிலும் ஒருவர் நின்றுகொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.